பொதுவில் வைத்த ஞாபகம்

சென்னைக்குத் தெற்கே, ஏரி ஒன்று இருந்த இடத்தில் ஏரியை மூடிவிட்டு அதன் பெயரை மட்டும் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டு எழும்பியிருந்த ஏரிக்கரை என்க்ளேவ் என்ற குடியிருப்பில், ஒரே மாதிரி எட்டு பிளாக்குகளும், பிளாக்குக்குள் ஒரே மாதிரி வீடுகளும், வீட்டுக்குள் ஒரே மாதிரி சோபாவும், சோபாவுக்கு எதிரே ஒரே மாதிரி டிவியும், டிவிக்கு மேலே ஒரே மாதிரி புத்தர் தலையும் இருந்தபடியால், அங்கே குடியிருந்தவர்களின் ஞாபகங்களும் நாளடைவில் ஒரே மாதிரி ஆகி, ஒரே மாதிரி ஆனவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று மிஞ்சியபோது, யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரி வராத நாளாக இருந்தால் ஆச்சரியப்பட நேரமில்லை என்று சொல்லலாம். அன்றைக்கு லாரி வந்திருந்தது, நேரமும் நிறைய இருந்தது, ஆனாலும் படவில்லை.

விஷயம் முதலில் வெளியே தெரிந்தது, சங்கச் செயலாளர் விருத்தகிரியின் பேத்திக்குப் பிறந்தநாள் கொண்டாடிய சாயங்காலம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விருத்தகிரி, கேக் வெட்டி முடிந்து எல்லாரும் பேப்பர் தட்டோடு நின்ற நேரம் பார்த்து, தான் முதன்முதலில் சென்னைக்கு வந்து இறங்கிய நாளில் ஓர் ஆட்டோக்காரர் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த லாட்ஜுக்குப் போக ஊரையே சுற்றிக் காட்டிய கதையை எடுத்தார். அவர் எடுத்ததும், சமோசா மென்றுகொண்டிருந்த பி பிளாக் ரங்கபாஷ்யத்தின் உதடுகளும் அதே சொற்களுக்கு அசைந்தன. அவருக்குப் பக்கத்தில் நின்றவரின் உதடுகளும் அசைந்தன. பிறகு ஹாலில் இருந்த அத்தனை ஆண்களும், "மூணாவது தடவையும் அதே சிலையப் பாத்தப்பதான் சார் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு" என்று ஒரே குரலில் சொல்லி, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"அட, உங்களுக்குமா?" என்றார் விருத்தகிரி.

"எனக்குந்தான்," என்றார் ரங்கபாஷ்யம்.

"அப்ப இது யாரோடதுங்க?"

"பொதுதான் போல இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்காமல் நின்ற ஒரே ஆள், டி பிளாக் இரண்டாவது மாடியில் குடியிருந்த அம்பலவாணன். திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவருடைய வேலை என்னவென்று அவர் மனைவிக்கே இருபத்தைந்து வருஷமாகப் பிடிபடவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அது கல்யாணமான மாதமே பிடிபட்டுவிட்டது என்பதும், அதைப் பற்றி மேற்கொண்டு கேட்டால் அவர் நிறுத்தமாட்டார் என்பதால்தான் கேட்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

வேலை இதுதான். கம்ப்யூட்டரின் ஞாபகம் முழுவதும் ஒரே அளவான பக்கங்களாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே இயந்திரத்துக்குள் பல பேர் குடித்தனம் நடத்தினால், ஆளாளுக்குத் தனித்தனியாக வைத்திருக்கும் பக்கங்களில் பாதி, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். இந்த வீண் செலவைப் பொறுக்கமாட்டாமல், இயந்திரத்தின் அடிமடியில் உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கும் கெர்னலுக்குள் ஒரு துழாவியை ஓடவிடுவார்கள். அம்பலவாணன் பராமரித்தது அந்தத் துழாவியை. அது ஓயாமல் பக்கம் பக்கமாக மோந்து பார்த்துக்கொண்டே போகும். இரண்டு பக்கங்கள் அச்சு அசலாக ஒன்று என்று கண்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் காலி செய்துவிட்டு, இரண்டு சொந்தக்காரர்களையும் மிஞ்சிய ஒன்றுக்கே வழிகாட்டிவிடும். அவரவர் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கலாம். யாராவது அதில் ஓர் எழுத்தை மாற்றக் கை வைத்தால், அந்தக் கணமே அவருக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்துக் கொடுத்துவிடும். நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும் பக்கத்தைத் துழாவி சீண்டவே சீண்டாது. அதோடு மல்லுக்கட்டி மாளாது என்று அதற்குத் தெரியும். "யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, இடம் மட்டும் மிச்சம்" என்று அம்பலவாணன் பல மாநாடுகளில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

அவருடைய துழாவிதான் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து இறங்கி, டி பிளாக் லிஃப்ட் வழியாகக் குடியிருப்புக்குள் போனதா, இல்லை, உலகத்தில் முதலிலிருந்தே அப்படி ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய பொதுக்குழுவுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. ஆட்டோ ஞாபகம், ஊட்டியில் படகுச் சவாரி செய்த ஞாபகம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா எதுவும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்த ஞாபகம், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த ஞாபகம் எல்லாம் பொதுச் சொத்து ஆகிவிட்டதால், அவற்றை ஜிம்மும் பார்ட்டி ஹாலும் இருக்கும் கணக்கில் சேர்ப்பதா, தனிக் கணக்கா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விவாதித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பொது ஞாபகத்தைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் ஊட்டி உண்டா என்று இன்னொருவர் கேட்டார். ஈ பிளாக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: நாய் வளர்ப்பவர்கள் படகுச் சவாரிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு விதி போட முடியுமா? போட்டார்கள்.

அம்பலவாணன் எழுந்து, தொழில் தெரிந்தவர் என்ற முறையில், நஷ்டம் ஒன்றும் இல்லை, இடம் மட்டும் மிச்சம் என்று விளக்கினார். இங்கேயும் கைதட்டினார்கள். உண்மையாகவே எல்லாருக்கும் தலை லேசாக இருந்தது. ரங்கபாஷ்யத்துக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. கதை சொல்ல வேண்டிய அவசியமே போய்விட்டதால், "அதான், ஆட்டோ" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். மிச்சமான இடத்தில் என்ன வைத்தார்கள் என்றால், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்களை வைத்தார்கள்.

அம்பலவாணனுக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வம் இருந்தது. தன்னிடம் ஒட்டாத சரக்கும் உண்டு என்பது அவர் எண்ணம். அதற்குச் சாட்சியாக அவரிடம் ஒரு கதை இருந்தது; பெண் பார்க்கப் போன அன்றைக்கு வழி தவறிய கதை. திருநெல்வேலியிலிருந்து வாடகை அம்பாசடர் காரில் கல்லிடைக்குறிச்சிக்குப் போய், தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை நிறுத்தி வழி கேட்க, அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகச் சொல்ல, அதை நம்பி தாமிரபரணியைக் கடந்து அடுத்த ஊருக்கே போய்விட்டார்கள். வழி சொல்லும் விஷயம் எங்கே வந்தாலும் அம்பலவாணன் இதை எடுத்துவிடுவார். சொல்லச் சொல்லப் பாலம் நீண்டது. முதலில் கார் பாலத்தின் மேல் நின்றது. பிறகு டயர் வெடித்தது. பிறகு ரேடியேட்டர் கொதித்தது. இப்போதைக்கு அவருடைய அப்பா பட்டுவேட்டியோடு காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் இந்தக் கதையை ஆரம்பித்தால் மனைவி ஆவுடைநாயகி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். வந்திருக்கும் பெண்களையும் காபி போட உதவிக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று அம்பலவாணன் நினைத்துக்கொள்வார்.

சிக்கல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. சாயங்கால நடையில் ஒருநாள், விருத்தகிரியின் மனைவி தவமணி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். பெண் பார்க்க வந்த நாளின் ஞாபகம் எட்டு பிளாக் ஆண்களுக்கும் சேர்த்து ஒன்றாகிவிட்டது, பெண்களுக்கு ஒன்றாகவில்லை. தவமணிக்கு விருத்தகிரியின் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருந்தது ஞாபகம் இருந்தது. ரங்கபாஷ்யத்தின் மனைவிக்கு, சுவரில் பல்லியைப் பார்த்ததும் மாப்பிள்ளை சத்தமில்லாமல் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டது ஞாபகம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாததால் துழாவி அவற்றைத் தொடவே இல்லை.

ஆண்களின் பொது ஞாபகம் எப்படி இருந்தது என்றால்: இரவல் வாங்கிப் போட்ட மடக்கு நாற்காலிகள், கடகடவென்று ஓடும் மின்விசிறி, நகைக்கடைக் காலண்டர், எவர்சில்வர் தட்டில் கேசரி, கேசரியின் நடுவில் ஒரு முந்திரி, பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி, உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம், காபித் தட்டைப் பிடித்த இரண்டு கைகள், வளையல், புடவைக் கரை, கால் விரல்கள். அவ்வளவுதான். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கேசரியின் முந்திரி மட்டும், சற்றுக் கருகிய பக்கம் தெரிய, அத்தனை துல்லியமாக இருந்தது.

"மொகத்தயே பாக்கலையா?" என்று தவமணி கேட்டதற்கு, "பெரியவங்க எல்லாம் இருந்தாங்கல்ல, எப்படி நிமிந்து பாக்கிறது" என்று விருத்தகிரி சொன்னார். எட்டு பிளாக்கிலும் அதே பதில்தான் வந்தது. அந்தப் பதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்ற வீடுகளில் இது இரண்டு நாள் சிரிப்போடு போயிற்று. டி பிளாக் இரண்டாவது மாடியில் போகவில்லை. ஆவுடைநாயகி ஒரு வங்கியில் அதிகாரி. அவருக்கு மூன்றாவது முறையாகப் பதவி உயர்வு வந்திருந்தது, நாகர்கோவிலுக்கு மாற்றலோடு. முதல் இரண்டு முறையும், மகள் படிக்கிறாள், வீடு என்ன ஆவது, என் சாப்பாடு என்ன ஆவது என்ற அம்பலவாணனின் மூன்று காரணங்களுக்காக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது மகள் படிப்பு முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீடு தன்பாட்டுக்கு நின்றது. சாப்பாடு என்ற ஒரே காரணம்தான் அம்பலவாணனிடம் மிச்சம் இருந்தது, அதையும் வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆவுடைநாயகி சொன்னார்:

"வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். ஒங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு என்னயப் பாத்ததுல, வேற எவனுக்கும் இல்லாத ஒரு விசயம் சொல்லுங்க. ஒண்ணு போதும். சொல்லிட்டியன்னா இந்தத் தடவையும் வேண்டாங்கேன். சொல்லலன்னா போறேன்."

"இது என்ன ஆவுடை, சின்னப்புள்ள மாதிரி?"

"ஆமா, சின்னப்புள்ளதான். அன்னைக்கு இருபத்தி மூணு வயசு. அந்தப் புள்ளயப் பத்தித்தான் கேக்கேன்."

அம்பலவாணன் அன்று ஆபீஸில் ஒரு வேலையும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொது ஞாபகத்துக்குள் போய் உட்கார்ந்தார். மின்விசிறி ஓடியது. முந்திரி இருந்தது. கைகள் வந்தன. அந்தக் கைகள் ஆவுடையின் கைகளா என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. தவமணியின் கைகளாகவும் இருக்கலாம். தன் மனைவியை முதலில் பார்த்த நாளில் தன் மனைவி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது, உறைத்தபோது பயமாக இருந்தது. மாநாடுகளில் நஷ்டம் இல்லை என்று சொன்ன வாய் உலர்ந்து போனது.

தொழில்காரரின் மூளை ஆனதால், அழுவதற்கு முன் ஒரு குறுக்குவழி தோன்றிவிட்டது. ஓர் எழுத்தை மாற்றினால் தனிப் பிரதி கிடைக்கும். தன் பங்குக்கு எதையாவது எழுதிவிட்டால் அது தனக்கே தனக்கு என்று ஆகிவிடும். எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. துழாவிக்கு உண்மை பொய் தெரியாது, ஒன்றா வேறா என்று மட்டும்தான் தெரியும். வீட்டில் கேலி தாங்காமல் இருந்த மற்றக் கணவர்களுக்கும் நடைபாதையில் வைத்து அவர் இந்த ஆலோசனையைச் சொன்னார். ஆளுக்கு ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்ளுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள், ரகசியமாகச் செய்யுங்கள் என்றார். எல்லாரும் தனித்தனியாக, யாருக்கும் சொல்லாமல், ரகசியமாகச் செய்தார்கள்.

அம்பலவாணன் மொட்டை மாடியில் நின்று வெகுநேரம் யோசித்தார். முதலில் மல்லிகைப்பூ என்று எழுதப் போனவர், சுதாரித்துக்கொண்டு, மல்லிகையை எவனும் எழுதுவான் என்று கனகாம்பரத்துக்கு மாறினார். புடவையைப் பச்சை என்று எழுதப் போனவர், அதுவும் எவனும் எழுதுவான் என்று மயில்கழுத்து நிறமாக்கினார். கடைசியாகப் பெண்ணின் தலையை லேசாக நிமிர்த்தி ஓரக்கண்ணால் ஒரு பார்வையைச் சேர்த்தபோது, தனக்குள் ஒரு கவிஞன் இருந்திருக்கிறான் என்று அவருக்கே வியப்பாக இருந்தது. மறுநாள் காலை காபியோடு அதை மனைவியிடம் சொன்னார்.

ஆவுடைநாயகி கேட்டுவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து, எதிர் பிளாக்கிலிருந்து, மேலேயிருந்து, கீழேயிருந்து, கனகாம்பரம், மயில்கழுத்து, ஓரக்கண் என்று ஆண்குரல்கள் வந்துகொண்டிருந்தன. அத்தனை பேரும் மல்லிகையை ஒதுக்கி, பச்சையை ஒதுக்கி, ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். காலை எட்டு மணி சுமாருக்குத் துழாவி மோந்து பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாக்கி வைத்தது. ஆக, ஞாபகத்தில் இப்போது ஒரு கண் மட்டும் இருந்தது, அதுவும் யாருடையதும் இல்லை. ரங்கபாஷ்யத்தின் மனைவி, தன்னைப் பெண் பார்த்த காலத்தில் தங்களுக்கு மயில்கழுத்தில் புடவை எடுக்க வசதியே இல்லை என்று மாடியிலிருந்து கத்திச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"நான் கட்டியிருந்தது எங்க சித்தி சேல," என்றார் ஆவுடைநாயகி. "மஞ்சள். சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க. சொல்லிட்டிய."

புதனும் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் விருத்தகிரியும் தவமணியும் சமாதானம் பேச வந்தார்கள். சமாதானம் என்றால், விருத்தகிரி சோபாவில் உட்கார்ந்து வாட்டர் டேங்க் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசினார். தவமணிக்குக் காலில் சுளுக்கு. நாற்காலியில் காலை நீட்டி வைத்திருந்தார். ஆவுடைநாயகி எல்லாருக்கும் அடை ஆர்டர் செய்திருந்தார், அன்றைக்குச் சமைக்க மனம் இல்லை. உள்ளே பெட்டி ஒன்று அலமாரி மேலிருந்து கீழே இறங்கியிருந்ததை அம்பலவாணன் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார்.

அப்போது அடை கொண்டுவந்த ஆள் போனில் கூப்பிட்டார். டி பிளாக் என்று நினைத்து ஜி பிளாக்கில் நிற்கிறார், ஜி என்று நினைத்து இப்போது பி பிளாக்கில் நிற்கிறார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, செக்யூரிட்டி வேறு திருப்பி விட்டுவிட்டார். அம்பலவாணன் வழி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வழி என்ற விஷயம் வந்துவிட்டால் அவர் வாய் நிற்காது. மனம் எங்கே இருந்தாலும் வாய் தன் தடத்தில் போய்விடும்.

"வழி சொல்றதுன்னா என் மாமனார் ஊர்ப்பக்கந்தான் சார் சொல்லணும். பொண்ணு பாக்கப் போறோம். நல்ல வெயில்…"

ஆவுடைநாயகி எழுந்து சமையலறைக்குப் போனார். தவமணியால் எழுந்து போக முடியவில்லை.

"…தெருமுனையில ஒரு பொண்ணு சைக்கிள்ல வருது. ஹேண்டில்ல பால் தூக்கு. சடை பாதிதான் பின்னியிருக்கு, மீதி அவுந்து தோளுல கெடக்கு, பின்னும்போதே எந்திரிச்சு ஓடி வந்த மாதிரி. மூக்கு நுனியில வேர்வை. இடது புருவத்துல, நட்ட நடுவுல, சின்னதா ஒரு வெட்டு, அந்த எடத்துல முடியே மொளைக்கல. எங்கப்பா கேட்ட கேள்விக்கு, சிரிக்காம, கண்ணச் சிமிட்டாம, 'ஆத்துப் பாலத்தத் தாண்டிப் போங்க'ங்குது சார்! போறோம், பாலம்னா பாலம், ஒரு மைல் நீளம், அங்க போயி டயர் வெடிச்சு, ரேடியேட்டர் கொதிச்சு…"

"அண்ணே," என்றார் தவமணி.

"…எங்கப்பா பட்டுவேட்டியோட எறங்கி…"

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. எந்தப் புருவம்?"

"இடது. எங்கப்பா எறங்கி…"

"ஆவுடை அக்காவ ஒரு நிமிசம் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆவுடைநாயகி சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் தண்ணீர்ச் சொம்போடு. காலையில் ஆபீஸுக்குப் போகும்போது தீட்டிய புருவ மை வேர்வையில் அழிந்திருந்தது. இடது புருவத்தின் நட்ட நடுவில் நெல் அளவுக்கு ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

அம்பலவாணன் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் தினமும் எதிரே உட்கார்ந்து தோசை தின்ற முகத்தை, முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பாலம் வளர்ந்திருந்தது, வெயில் ஏறியிருந்தது, காருக்கு வராத நோயெல்லாம் வந்திருந்தது; அந்தப் பெண்ணை மட்டும் அவர் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. மீதி எல்லாவற்றையும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் துழாவி அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை. கதையை ஊதிப் பெருக்கிய குற்றமே தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று புரிந்துகொள்ளும் நிலையில் அவர் அப்போது இல்லை.

"நீயா?" என்றார்.

"தங்கச்சின்னு கூப்பிட்டிய," என்றார் ஆவுடைநாயகி. "ஒங்கப்பா ஒண்ணும் கேக்கல, நீங்கதான் கேட்டிய. பொண்ணு பாக்க வந்த ஆளு, கார் சன்னல்ல இருந்து தலய நீட்டி, 'தங்கச்சி, ஓதுவார் வீட்டுக்கு எப்படிப் போகணும்'னு எங்க வீட்டுக்கே வழி கேட்டிய. பாலு திரிஞ்சு போச்சுன்னு எங்கம்மா என்னய வெரட்டி விட்டிருந்தா. காரையும் பட்டுவேட்டியையும் பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு."

"எதுக்குப் பாலத்தத் தாண்டிப் போகச் சொன்ன?"

"வேலைக்குப் பரிச்ச எழுதியிருந்தேன். ஆர்டர் வரட்டும், அதுக்கப்புறம் கல்யாணம்னு நெனச்சேன். அந்தப் பக்கமா போயி அப்படியே தொலஞ்சு போயிருவியன்னு பாத்தேன். அர மணி நேரத்துல வந்து நிக்கிய. தட்டோட வரும்போது ஒரே பயம் எனக்கு. கண்டுபிடிச்சிருவிய, எல்லாருக்கும் முன்னால சொல்லிருவியன்னு. நீங்க கேசரியவே பாத்துக்கிட்டு இருந்திய. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம், கல்யாணத்தன்னைக்குக் கண்டுபிடிப்பியன்னு பாத்தேன். புள்ள பொறந்ததும் கண்டுபிடிப்பியன்னு பாத்தேன். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்தப் பொண்ணத் திட்டுதிய, அது புருவம் மொதக்கொண்டு சொல்லித் திட்டுதிய, பக்கத்துலதான் நான் நிக்கேன்."

விருத்தகிரி டேங்க் பேச்சை விட்டுவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். தவமணி மூக்கை உறிஞ்சினார். அடை இன்னும் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவுடைநாயகி சொன்னார்: "சரி. வேற எவனுக்கும் இல்லாததச் சொல்லிட்டிய. சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளைக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன்."

அம்பலவாணன் ஜெயித்துவிட்டார். மூன்றாவது முறையும் ஜெயித்துவிட்டார். சாப்பாடு, துணி, சாயங்காலக் காபி எல்லாம் பத்திரம். வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லப் போகிற நேரத்தில், பாதிப் பின்னிய சடையோடு ஒரு பெண் பால் தூக்கை மாட்டிக்கொண்டு சைக்கிளில் நிற்பது தெரிந்தது. அவள் எத்தனை தெளிவாகக் கையை நீட்டி, எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்தப் பக்கம் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள்! அவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றார். இருபத்தைந்து வருஷமாகத் திரும்பத் திரும்ப வந்து நின்றுகொண்டே இருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்," என்றார். "எழுதாத. நீ போ."

"சாப்பாட்டுக்கு என்ன செய்விய?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டல் எதாவது இருக்கும்."

ஆவுடைநாயகி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். அதைப் பார்த்து விருத்தகிரி ஜன்னலுக்கு வெளியே இன்னும் உற்றுப் பார்த்தார். அங்கே அடைக்காரர் ஏ பிளாக் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத்துக்குள் ஏரிக்கரை என்க்ளேவின் ஆண்கள் அனைவருக்கும், பெண் பார்க்கப் போன வழியில் சைக்கிளில் வந்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். புருவத்தில் வெட்டும் வந்துவிட்டது. துழாவி எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு மூலையில் போட்டது. அவர்களுடைய மனைவிகளுக்கு அது ஒன்றும் பெரிய ஏமாற்றமாக இல்லை. அம்பலவாணனுடையது மட்டும் ஒட்டவில்லை. அவருடைய கதையில் இப்போது அப்பா காரைத் தள்ளுவதோடு நிற்காமல், பாலத்தில் எதிரே வந்த ஆட்டுமந்தைக்கும் வழி விட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடைநாயகி நாகர்கோவிலுக்குப் போய் வீடு பிடித்தார். அம்பலவாணன் சில மாதங்கள் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். அதைச் சாம்பார் என்று அவர் மட்டும் சொன்னார். பிறகு ஒருநாள், தன் வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அவருக்குத் தெரியவந்தது. கம்பெனிக்கு அது முன்பே தெரியும், ஆவுடைக்கும் தெரியும்.

ஒரு காலை நேரத்தில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கி, தெரு வரைக்கும் ஆட்டோவில் வந்து, தெருமுனையில் நின்றார். போனில் வழி காட்டும் நீலக்கோடு வலது பக்கம் திரும்பச் சொன்னது. எதிரே ஸ்கூட்டரில் ஆவுடைநாயகி வந்துகொண்டிருந்தார். முன்னால் மாட்டிய பையில் பால் பாக்கெட். அவசரத்தில் வந்திருப்பார் போல, தலை பாதிதான் வாரியிருந்தது. மூக்கு நுனியில் வேர்வை. அன்றைக்குப் புருவத்தில் மை தீட்டியிருக்கவில்லை.

அம்பலவாணன் நிமிர்ந்து, அந்த முகத்தை ஆற அமரப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

"தங்கச்சி, பேங்க் மேடம் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

ஆவுடைநாயகி சிரிக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை. இடது பக்கம் கையை நீட்டி, "நேராப் போங்க, ஒரு பாலம் வரும், அதத் தாண்டிப் போங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை வலது பக்கம் திருப்பிப் போய்விட்டார்.

அம்பலவாணன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இடது பக்கம் நடந்தார்.